நாய்க்குப் புற்றுநோய் என்றால் கத்தி வைக்கலாமா, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் நீங்கள், ஒன்பது வயதான உங்கள் பெட்டை நாய்க்குப் பின்காம்பின் அருகே எலுமிச்சை அளவுக்குக் கட்டி இருப்பதாகவும், பார்த்த மருத்துவர் புற்றுநோயாக இருக்கலாம் என்று சொன்னதாகவும், அறுவை செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை நிதானமாகப் படித்தால் அதற்குள் வேறு கேள்விகளும் இருக்கின்றன. கத்தி பட்டால் பரவிவிடும் என்று உங்கள் அப்பா சொல்வது உண்மையா, அறுவை செய்யாமல் விட்டால் வலி தெரியாமல் வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியுமா, அதற்கு இனி முடியவில்லை என்பதை நாம் எதைக்கொண்டு அறிவது ஆகியவைதாம் அவை. வீட்டுக் குழந்தைகளுக்கு ஒட்டுமா என்பதையும், அதன் குட்டியாகப் பிறந்து இப்போது எட்டு மாதமாகும் இன்னொரு பெட்டையைப் பற்றியும் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் என்னால் இயன்றவரை பதில் சொல்கிறேன்.

டெல்டா மாவட்டங்களின் அரசு கால்நடை மருந்தகங்களில் பல ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். மாடும் ஆடும்தான் என் பணியின் பெரும்பகுதி என்றாலும், கட்டியோடு வரும் நாய்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். புற்றுநோய்க்கென்று தனிப் பட்டம் பெற்றவன் அல்ல. உங்கள் நாயை நான் தொட்டுப் பார்க்கவும் இல்லை. ஆகவே இங்கே சொல்வதை உங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கான துணையாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கைப்பட்டுப் பார்த்துச் சொல்வதற்கு இது மாற்று ஆகாது.

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "புற்றுநோய்" என்ற சொல்லைக் கேட்டதும் எந்த முடிவும் எடுத்துவிடாதீர்கள்; எந்தக் கட்டி என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நாய்களின் காம்பு வரிசையில் வரும் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி, பரவும் தன்மை இல்லாத சாதாரணக் கட்டிகள்தாம். மீதிப் பாதியிலும் எல்லாமே உடனே நுரையீரலுக்குப் போய்விடுவதில்லை. நம் ஊர்த் தெருநாய்களிடமும், தெருவில் சுற்றிவரும் வீட்டு நாய்களிடமும் அதிகம் காணப்படுவது இன்னொரு வகை: இனச்சேர்க்கையின்போது நாயிலிருந்து நாய்க்குத் தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி. பூக்கோசு போலப் பிதுங்கி, சொட்டுச் சொட்டாக இரத்தம் வடியும். பார்ப்பதற்கு அச்சமூட்டும் இந்தக் கட்டிதான் சிகிச்சைக்கு மிக நன்றாக இணங்குவது. வின்கிறிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு முறை இரத்தக்குழாய் வழியே செலுத்தினால், பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் கரைந்து போய்விடும். பத்தில் ஒன்பது நாய்களுக்கு மேல் முழுமையாகக் குணமடைகின்றன. ஒரே ஒரு நாயில் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தோன்றிய அந்தச் செல்களே இன்றுவரை உலகமெங்கும் நாய்விட்டு நாய் தாவிக்கொண்டிருக்கின்றன என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருப்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. இப்படி மருந்தால் தீரக்கூடிய நோயோடு வரும் நாயைக்கூட, புற்றுநோய் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது மனம் மிகவும் வருந்தும்.

அந்த வின்கிறிஸ்டின், நம் கொல்லையிலும் சுடுகாட்டுக் கரையிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இதைச் சொன்னதும் இலையை அரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. சில கிராம் மருந்துக்கே ஆயிரக்கணக்கான கிலோ உலர்ந்த இலை தேவைப்படும். அந்த மருந்தும் இரத்தக்குழாய்க்குள் மட்டுமே செல்ல வேண்டியது, ஊசி சற்று விலகித் தோலடியில் இறங்கினாலே சதை அழுகிவிடும். இலையில் இருக்கும் மற்ற நச்சுப்பொருள்கள்தாம் நாயின் வயிற்றுக்குள் போகும்.

கழுத்திலும் முழங்காலுக்குப் பின்னும் நெறி கட்டியிருந்தால் அது நிணநீர்ப் புற்றாக இருக்கலாம். ஆனால் உண்ணிக் காய்ச்சலிலும் அதே இடங்களில் நெறி கட்டும், டெல்டாவில் உண்ணிக்குப் பஞ்சமே இல்லை. இரத்தப் பரிசோதனை செய்யாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டால் இரண்டு நோயிலுமே கட்டி தற்காலிகமாகச் சுருங்கும், எது என்பது மறைந்துபோகும். நிணநீர்ப் புற்றாக இருந்தால், முன்னதாகக் கொடுத்த ஸ்டீராய்டு பிறகு கொடுக்கப்போகும் கீமோ எனும் புற்றுநோய் மருந்துகளுக்குக் கட்டி பணியாதபடியும் செய்துவிடும். உங்கள் நாய்க்கு நெறி இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் தொடைமடிப்பிலும் அக்குளிலும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். காம்புக்கட்டி பரவினால் முதலில் போய்ச் சேரும் இடங்கள் அவை.

காம்புக்கட்டியைப் பொறுத்தவரை, ஊசி குத்திச் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை எளிது, மயக்க மருந்தும் தேவையில்லை. அது கொழுப்புக்கட்டியா, சீழ்க்கட்டியா, வேறு வகையா என்று பிரித்துக் காட்டும். ஆனால் பரவும் கட்டியா பரவாத கட்டியா என்பதை அது எப்போதும் திட்டமாகச் சொல்லிவிடாது. அகற்றிய கட்டியை முழுதாகத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் அது தெரியும். இங்கேதான் நம் பகுதியில் பெரும்பாலும் தவறிவிடுகிறது: கட்டியை எடுத்ததும் வாளியில் போட்டுவிட்டுத் தையலோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். கட்டியைப்போல் பத்து மடங்கு அளவுள்ள பத்து சதவீத ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்), மூடி இறுகிய அகன்ற வாய்ப் புட்டியில் போட்டு அனுப்ப வேண்டும். குறுகிய வாய்ப் புட்டியில் திணித்தால் உள்ளே இருந்து எடுக்கவே முடியாது. அறிக்கையில் கட்டியின் வகை, தரம் (எவ்வளவு தீவிரமானது என்பது), வெட்டிய ஓரங்களில் புற்றுச் செல்கள் இருக்கின்றனவா என்ற மூன்றையும் கேளுங்கள். அடுத்து என்ன செய்வது என்பது அந்த மூன்றையும் பொறுத்தே அமையும்.

இனி உங்கள் அப்பா சொல்வது. கத்தி பட்டால் புற்று பரவும் என்று நம் ஊர்களில் பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை காரணமில்லாமல் வரவில்லை. கட்டி தேங்காய் அளவுக்கு வளர்ந்து உடைந்த பிறகு அறுவைக்கு வருவார்கள். அதற்குள் நுரையீரலில் விதை விழுந்திருக்கும். அறுவை முடிந்த இரண்டு மாதத்தில் நாய் மூச்சு வாங்கிச் சாகும். பழி கத்தியின்மேல் விழும். உறுதியாகச் சொல்லக்கூடியது என்னவென்றால், பரவாத நிலையில், சுற்றிலும் நல்ல சதையைச் சேர்த்து எடுத்த காம்புக்கட்டிக்கு அறுவைதான் முதன்மையான சிகிச்சை; பல நாய்களுக்கு அது ஒன்றே போதுமானது. மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளின் முடிவு, அதைவிடப் பெரியவற்றின் முடிவைக்காட்டிலும் நன்றாக இருக்கிறது என்பதும் பல ஆய்வுகளில் உறுதியானது. உங்கள் நாயின் கட்டி அந்த எல்லையைச் சற்றே தாண்டியிருக்கிறது. அதற்காக வாய்ப்புப் போய்விட்டது என்று பொருளில்லை, இன்னும் மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது என்றுதான் பொருள். அதே சமயம், கத்தி வைக்கவே கூடாத ஒரு வகையும் இருக்கிறது. மார்பு முழுவதும் சிவந்து, சூடாக, கெட்டியாக வீங்கி, தொட்டாலே நாய் அலறும். அது அழற்சிப் புற்று. அதில் அறுவை பயன் தராது, வேதனையைத்தான் கூட்டும். ஆக உங்கள் அப்பாவின் சொல் இந்த ஒரு வகைக்குப் பொருந்தும், மற்றவற்றுக்குப் பொருந்தாது.

அறுவைக்கு முன் மார்பு எக்ஸ்ரே கட்டாயம் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் படுக்கவைத்தும், மல்லாத்தியோ குப்புறவோ ஒன்றுமாக மூன்று படங்கள் எடுத்தால் சிறு புள்ளிகள் தப்பாது. ஒன்பது வயது நாய் என்பதால் இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பார்த்துக்கொள்வது நல்லது. வயது மட்டுமே அறுவைக்குத் தடை ஆகாது. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இயங்குகிறது. உங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கும் போதனை மருத்துவமனை அது. மேற்கொண்டு தேவைப்பட்டால் 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். அறுவைக்குப் பின் கீமோ தேவையா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. நிணநீர்ப் புற்றில் கீமோ பல நாய்களுக்கு ஓராண்டுக்கு அருகே ஆயுளை நீட்டுகிறது; காம்புக்கட்டியில் அதே அளவுக்குத் தெளிவான பலன் நிறுவப்படவில்லை. அறுவையோடு சேர்த்துக் கர்ப்பப்பையை எடுப்பதால் ஆயுள் நீளுமா என்பதிலும் ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. இந்த இரண்டுக்காகவும் கடன் வாங்க வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. முதல் அறுவையை நன்றாகச் செய்வதற்கும் திசுப் பரிசோதனைக்கும் அந்தப் பணம் போகட்டும்.

நுரையீரலில் ஏற்கெனவே பரவியிருந்தாலோ, அறுவை வேண்டாம் என்று குடும்பம் முடிவு செய்தாலோ, அதன் பொருள் நாயைக் கைவிட்டுவிட்டோம் என்பதல்ல. வீட்டில் வைத்துப் பார்ப்பதில் முதன்மையானது வலி. நாய் வலியை அழுது காட்டுவது அரிது. இரவில் படுத்த இடத்தில் படுக்காமல் மாறிக்கொண்டே இருப்பது, வெயில் இல்லாத நேரத்திலும் இளைப்பது, கட்டியை ஓயாமல் நக்குவது, கட்டிலுக்கடியில் போய் ஒதுங்குவது, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டும் எழுந்து வராமல் இருப்பது ஆகியவைதாம் அதன் மொழி. சோறு தின்கிறது, அதனால் வலியில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். வலியோடும் நாய் தின்னும். வலிக்கு மெலாக்சிகாம் போன்ற மருந்தை எடைக்கேற்ற அளவில் மருத்துவர் எழுதித் தருவார். எடை பார்க்க அரிசிக்கடைத் தராசே போதும். அதைச் சோற்றோடு கொடுங்கள். வாந்தியோ தார் போன்ற கறுப்பு மலமோ கண்டால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டோடு இதைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. வீட்டில் இருக்கும் டைக்லோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுத்து, வயிற்றில் புண் வெடித்து, புற்றுக்கு முன்பே இறந்துபோன நாய்கள் உண்டு. மனிதருக்கான பாராசிட்டமாலையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

கட்டி உடைந்து ரணமானால், நம் ஊரில் அடுத்த ஆபத்து புழு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தரையும் ஈயும் சேர்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்புப் போட்டு, காலை மாலை இருவேளையும் ரணத்தைக் கழுவுங்கள். வேகவைத்து வெயிலில் காயவைத்த பழைய வேட்டித் துணியை வைத்து, அதன்மேல் பழைய பனியனை முன்னங்கால்கள் நுழையும்படி மாட்டிவிட்டால் ஈயும் மண்டாது, காகமும் கொத்தாது, நாயும் நக்காது. படுக்கை தரையிலிருந்து உயர்ந்த பலகையில், தினமும் மாற்றும் உலர்ந்த சாக்கில் இருக்கட்டும். புழு வைத்துவிட்டால் கற்பூரம், டர்பன்டைன், ஃபினைல், மண்ணெண்ணெய் எதையும் ஊற்ற வேண்டாம்; வெறும் சதையில் அவை எரியும், நக்கினால் உடலுக்குள் போய் நஞ்சாகும். மருத்துவர் இடுக்கியால் எடுத்து, புழுவைக் கொல்லும் மருந்தும் கொடுப்பார். நாற்றம்தான் பல வீடுகளில் நாயைத் திண்ணையிலிருந்து கொல்லைக்குத் தள்ளுகிறது. அதைக் குறைக்கவும் மருந்து உண்டு. கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். மனிதர்களோடு வாழ்ந்து பழகிய நாய்க்குத் தனிமை தனி வேதனை.

உணவில், நேற்று வரை தின்ற குழம்புச் சோற்றை நிறுத்துங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஏற்கெனவே இரத்தம் குறைந்த நாய்க்கு அது தாங்காது. பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் கூடாது. வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, முள் எடுத்த மத்தி, தயிர்ச்சோறு ஆகியவற்றைச் சற்றே வெதுவெதுப்பாக, சிறிது சிறிதாக நான்கு வேளை வையுங்கள். சூட்டில் மணம் எழுந்தால் பசியற்ற நாயும் முகர்ந்து பார்க்கும். சோற்றை அடியோடு நிறுத்தினால் புற்று பட்டினியால் சாகும் என்று பரவிவரும் செய்திக்கு உறுதியான சான்று இல்லை. மஞ்சள் சிட்டிகை சேர்ப்பதில் கெடுதல் இல்லை, அதனால் கட்டி கரையும் என்று எதிர்பார்க்கவும் இடமில்லை.

குழந்தைகளுக்கு இது ஒட்டாது. நாயைத் தொடலாம், கொஞ்சலாம். நாய்க்கு எப்போதாவது கீமோ போட நேர்ந்தால் மட்டும், ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் அதன் சிறுநீர், மலம், வாந்தியைக் கையுறை போட்டு அப்புறப்படுத்த வேண்டும், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவற்றிலிருந்து விலகி இருக்க வேண்டும். வயலில் அடித்த பூச்சிமருந்தால் வந்ததா என்று உங்கள் அம்மா தம்மையே நொந்துகொள்வதாக எழுதியிருந்தீர்கள். சில களைக்கொல்லிகளுக்கும் நாய்களின் சில புற்றுகளுக்கும் தொடர்பு காட்டிய ஆய்வுகள் உண்டு, காட்டாத ஆய்வுகளும் உண்டு. காம்புக்கட்டியில் ஐயமற்ற காரணி பெட்டையின் சொந்த ஹார்மோன்கள் எனப்படும் இயக்குநீர்கள்தாம். அம்மா மீது எந்தத் தவறும் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

இனி முடியவில்லை என்பதை எப்படி அறிவது என்பது உங்கள் கேள்விகளில் கடினமானது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் வகுத்த அளவுகோல் ஒன்றை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாள்கள் கெட்ட நாள்களைவிட மிகுந்திருப்பது ஆகிய ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று (நிலை நன்றாக இருந்தால் கூடுதலாக; வலி இல்லையென்றால் வலிக்குப் பத்து) மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை 35-க்கு மேல் இருந்தால் தொடர்ந்து பார்த்துக்கொள்வது தகும் என்பது அவர் கணக்கு. எண்ணைவிட, வீட்டில் எல்லோரும் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது; ஒருவர் காணாததை இன்னொருவர் கண்டிருப்பார். இதோடு, நாய் உறங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று வாரம் இருமுறை எண்ணுங்கள். முப்பதுக்குள் இருப்பது இயல்பு. நாற்பதைத் தாண்டி அப்படியே நின்றால் நெஞ்சுக்குள் பரவியிருக்கலாம். மூச்சுக்குத் திணறி, கழுத்தை நீட்டி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கும் நிலை வந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

கருணைக்கொலை பாவம் என்று வீட்டில் பெரியவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மருந்துக்கு அடங்காத வலியில் நாளெண்ணிக் கிடக்கவிடுவதை என் மனம் ஏற்பதில்லை. முறையாகச் செய்தால் முதலில் அரைமயக்க ஊசி, நாய் உறங்கிய பிறகு இரத்தக்குழாய் வழியே மிகை அளவு மயக்க மருந்து. சில நிமிடங்களில் வலியின்றி முடிந்துவிடும். கண்கள் திறந்தே இருக்கலாம், ஓரிரு மூச்சு இழுத்ததுபோலத் தோன்றலாம்; அவை உணர்வற்ற உடலின் அசைவுகள் என்று தெரிந்திருந்தால் உடனிருப்பவர்கள் பதற மாட்டார்கள். மருத்துவரை வீட்டுக்கு அழைத்துச் செய்வது நாய்க்கு நல்லது. அந்த மருந்து உடலில் தங்கும் என்பதால் நரியும் நாயும் தோண்டாதபடி நான்கடிக்குக் குறையாமல் புதையுங்கள். நம் பகுதியில் நிலத்தடி நீர் மேலே நிற்கும் என்பதால் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, தோப்பின் மேட்டுப் பக்கமாக இடம் பாருங்கள்.

எட்டு மாதப் பெட்டைக்கு, முதல் பருவத்துக்கு வருவதற்கு முன்பே கருத்தடை செய்தால் காம்புக்கட்டி வரும் வாய்ப்பு 0.5 சதவீதமாகவும், முதல் பருவத்துக்குப் பின் செய்தால் 8 சதவீதமாகவும், இரண்டாவதுக்குப் பின் 26 சதவீதமாகவும் இருக்கும் என்று 1969-இல் வெளிவந்த ஆய்விலிருந்து எங்கள் பாடநூல்கள் எல்லாம் எடுத்துச் சொல்கின்றன. கருத்தடை செய்யாத பெட்டைகளோடு ஒப்பிட்ட விகிதங்கள் அவை. 2012-இல் அந்த ஆய்வையும் மற்றவற்றையும் திரும்ப ஆராய்ந்தவர்கள், சான்று வலுவாக இல்லை என்று எழுதினார்கள். ஆகவே அந்த எண்களைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். ஆனால் வயதான பெட்டைகளைத் திடீரென்று கொல்லும் கர்ப்பப்பைச் சீழ் நோயைக் கருத்தடை தடுக்கிறது என்பதில் ஐயமே இல்லை. அந்தக் குட்டிக்கு இன்னும் முதல் இரத்தப்போக்கு வரவில்லை என்றால், தாயை ஒரத்தநாட்டுக்குக் கொண்டுபோகும் அதே வண்டியில் அதையும் ஏற்றிச் சென்று காட்டி, தேதி வாங்கிக்கொள்ளுங்கள். தாய்க்குத் திசுப் பரிசோதனை அறிக்கை வந்ததும் அதில் உள்ள வகை, தரம், ஓரங்கள் மூன்றையும் இங்கே எழுதினால், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.